இரண்டாவது ரிங்

ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணும் பழக்கத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மலையகத்து லிந்துலையில் போன் கடை வைத்திருக்கிறேன். என் வயிற்றில் அடித்த பழக்கம் அது. கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும் தோட்டத்து லய வீட்டுக்கு ஒரு ரிங் விடுவார்கள். வீட்டில் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போய்விடும். ரிங் வந்தால் சுகமாய்ச் சேர்ந்தாயிற்று, அவ்வளவுதான்.

2009இல் என் மேசையில் இன்னொரு போனும் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்கள் நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் சேட்டிலைட் போனில் கூப்பிடுவதற்கு. ஹட்டனில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துத் துரைராசா மாஸ்டர் ஆரம்பித்தது. நாங்கள் நாலு பேர், சம்பளம் கிடையாது, முறை வைத்துப் பார்த்தோம். படகு நிற்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களாகக் கேட்டு எழுத வேண்டும். மாஸ்டர் அதை மீட்பு நிலையத்துக்கு இங்கிலீஷில் சொல்வார்.

அன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டது பிரதாப். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் அம்மாக்கண்ணுவின் ஒரே மகன். கடலில் அவனுக்குப் பதினேழாம் நாள்.

"பூரணிக்கா, இன்ஜின் நின்னுருச்சு. தண்ணி உள்ள வருது. முப்பத்திரண்டு பேரு இருக்கோம்."

முதல் எண்ணைச் சொன்னான். இரண்டாவதைச் சொல்வதற்குள் லைன் அறுந்தது. நான் திருப்பி அடித்தேன், போகவில்லை.

"ஒரு இலக்கத்தை வச்சு என்ன செய்யிறது, பிள்ளை?" என்றார் ஹட்டனிலிருந்து கடை போனில் மாஸ்டர். "அது கடலுக்குக் குறுக்கை ஒரு கோடு. அவ்வளவுதான். அவன் திரும்ப எடுப்பான். போனை விட்டிட்டு எழும்பாதையும்."

எழும்பவில்லை. ஆனால் மகன் பேசினான் என்ற செய்தி எப்படியோ மலையேறிவிட்டது. கொழுந்துக் கூடையோடு அம்மாக்கண்ணு ஓடி வந்தாள்.

"எம்புள்ள என்ன சொன்னான்?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. நான் ஒரு கோழை. "லைன் சரியில்ல அத்தை, திரும்ப எடுப்பான்" என்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள்.

பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. நான் கையை நீட்டினேன். அம்மாக்கண்ணு பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை, பிடித்தால் விடாது.

"எடுக்காத! கரைக்குப் போனதும் ஒரு ரிங் விடுடான்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். எம்புள்ள போயிட்டான்!"

"விடுங்க அத்தை!"

இரண்டாவது ரிங் பாதியில் நின்றது.

"பாத்தியா, கட் பண்ணிட்டான்!" அவள் சிரித்தாள், அழுதாள், மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அவன் போன் செத்துப்போயிருந்தது. நான் அடிப்பதை நிறுத்தாததைப் பார்த்துத்தான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அத்தை, அவன் கரைக்குப் போகல. படகு முழுகுது" என்றேன். வெற்றிலை மடியிலிருந்து கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மீட்பு நிலையத்தார் கோடு முழுக்கத் தேடினார்கள். மறுநாள் சாயங்காலம் ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டது. மாஸ்டர் போனில் பெயர்களை வாசித்தார். இருபத்தொன்பது பெயர்கள். பிரதாப் இருந்தான். நானும் அம்மாக்கண்ணுவும் கட்டிப்பிடித்து அழுதோம். மிச்சம் மூன்று பெயர்களை அப்போது நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் அதே போன் அடித்தது. புது நம்பர். ஒரே ஒரு ரிங், கட். பேசி வைத்தபடியே வந்த ரிங். கடையிலேயே காத்திருந்த அம்மாக்கண்ணு என் கையைப் பிடிக்கவில்லை.

"அடி" என்றாள். "அவன் குரலு கேக்கணும்."

அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங்க்கா காச வீணாக்குறீங்க? அதான் ரிங் விட்டேனே!" என்று சிரித்தான் பிரதாப். பிறகு குரல் இறங்கியது. "அன்னைக்கி ஏங்க்கா எடுக்கல? அதான் கடைசி பேட்டரி. ரெண்டாவது நம்பரக் கையில எழுதி வச்சிக்கிட்டுத்தான் அடிச்சேன். அன்னைக்கி ராத்திரிதான் படகு கவுந்துச்சு. மூணு பேரு போயிட்டாங்க. ஒருத்தி கைப்புள்ளக்காரி."

"கடையில ஆளு இல்லடா…" என்று ஆரம்பித்தேன்.

அம்மாக்கண்ணு போனைப் பிடுங்கினாள். "அவ பொய் சொல்றா. நாந்தான் எடுக்க விடல. நாந்தாண்டா கையப் புடிச்சேன்."

அவள் கையிலிருந்து போனை வாங்கினேன். இந்தத் தடவை வாய் வந்தது.

"பிரதாப், உங்கம்மாவுக்கு ஒன்னுமே தெரியாது. படகு முழுகுதுன்னு நான் அவங்ககிட்ட சொல்லல."

அவன் ஒன்றும் பேசவில்லை. லைனைக் கட் பண்ணவும் இல்லை.