குடில் பிரிப்பதற்குள்

1

இந்தக் கதை ஒரு தட்டிலிருந்து வந்தது. ஓரத்தில் நீலப் பூ போட்ட பீங்கான் தட்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. அதோடு வைத்த கோழிக்கறியைத் தொடாமல் ஒருவர் எழுந்து போனார். நடந்தது அவ்வளவுதான். அதை எழுத ஒரு வாரமாகப் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன்.

எழுதுகிறவள் யார் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ராயபுரத்தில், ஹார்பர் சங்கும் கோயில் மணியும் சேர்ந்து கேட்கிற ஒரு வீட்டில் இருப்பவள். என்னிடம் இப்படி ஒரு நோட்டு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மற்ற மாதங்களில் அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். டிசம்பரில் மட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்குள், வைக்கோலுக்கு அடியில். குழந்தை இயேசு படுத்திருக்கிற இடத்தை யார் கிளறப்போகிறார்கள்?

ஆனால் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம், அம்மா குடிலைப் பிரிப்பாள். சுரூபங்களைத் துணியில் சுற்றிவிட்டு வைக்கோலை உதறுவாள். அதற்குள் கதையை முடித்து நோட்டை இடம் மாற்றிவிட வேண்டும்.

இன்று இரண்டாம் தேதி.

2

தொடக்கம், முதல் தடவை:

“1967 டிசம்பர். கடுங்குளிரில் நகரமே உறைந்து

அடித்துவிட்டேன். ராயபுரத்தில் உறைந்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அப்பா காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டார். குளிர்காலம் அத்தோடு முடிந்தது.

இரண்டாம் தடவை:

“கடல் கடந்து படிக்க வந்த அந்த இளைஞனின் கண்களில்

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் இது காதல் கதை என்று நினைத்துவிடுவீர்கள். அவர் கண்களை நான் பார்க்கவே இல்லை. செருப்பைத்தான் பார்த்தேன். வார் அறுந்து, சணல் போட்டுக் கட்டியிருந்தது.

மூன்றாம் தடவை, உள்ளது உள்ளபடி:

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கல்லூரி விடுதிகளின் சமையல்கட்டை மூடிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்கள் ஊருக்கும் போக முடியாமல், சோற்றுக்கும் வழியில்லாமல் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எங்கள் கோயிலின் பங்குக் குடும்பங்கள் ஆளுக்கு ஒருவராக வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்று சாமியார் பூசையில் சொன்னார். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. கம்பளி எங்கே இரவலாகக் கிடைக்கும், எந்த வாசகசாலை திறந்திருக்கும் என்பதெல்லாம் மாணவர்களுக்கு. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள், நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்காதீர்கள் என்பதெல்லாம் குடும்பங்களுக்கு. உபதேசியார் இக்னேஷியஸ் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, இருபது பிரதி எழுதியது இந்தக் கை. எழுத்து நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டிருந்தார்.

கடைசி வரி இது: “நோன்பு உண்டா, தங்கள் பண்டிகை எந்த நாளில் என்று விருந்தாளியை முதலில் கேட்கவும்.”

முதல் பிரதியிலேயே அந்த வரிக்குத் தாளில் இடம் போதவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே, கிறிஸ்துமஸ் அன்று எந்தக் கிறிஸ்தவன் நோன்பு இருப்பான் என்று நினைத்து இருபதிலும் விட்டுவிட்டேன். இது உபதேசியாருக்குத் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

3

இனி “நான்” என்று எழுதினால் கை நிற்கிறது. கதையில் வருகிற பெண்ணுக்கு ரோஸ்மேரி என்று பெயர் வைக்கிறேன். பெயரிலேயே கொஞ்சம் தைரியம் இருக்கிறது. அவளுடைய அப்பா சவரிநாதன், ஹார்பரில் சரக்கு தூக்கி இறக்குகிற விஞ்சு ஓட்டுகிறவர். அம்மா ஹில்டா, நெட்டுக்குப்பத்தில் பிறந்து ராயபுரத்தில் கருவாடு விற்கிறவள். இந்த இரண்டு பெயரையும் மாற்ற மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பதினொரு மணிக்கு பக்ருதீனின் லாரி வாசலில் வந்து நின்றது. பக்ருதீன் தினமும் கிண்டிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். சவரிநாதனின் சிநேகிதர்.

“இந்தாங்கண்ணி, உங்க விருந்தாளி. வழி நெடுக்கப் பேசிகினே வந்தோம். அவரு சொன்னது எனுக்குப் புரில, நான் சொன்னது அவருக்குப் புரில. தோஸ்து ஆயிட்டோம்.”

பின்னால் இறங்கியவர் தெஸ்பாயே. எத்தியோப்பியா. இன்ஜினியரிங் படிக்கிறார். உயரம் அதிகம், நிலைப்படியில் குனிந்து வந்தார். நேராகக் குடிலுக்குப் போய் மண்டியிட்டார். ஹில்டாவுக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது.

“பக்ரு, நீயும் ஒக்காரு.”

“நோன்பு, அண்ணி.”

“ஐயோ, மறந்தே பூட்டேன் பாரு. கலகலா கட்டித் தரேன், பொழுது சாஞ்சதும் துண்ணு.”

(இந்த இடத்தைக் கவனியுங்கள். பக்ருதீன் நோன்பு என்றதும் ஹில்டாவுக்கு வருத்தமே இல்லை. பழக்கமான நோன்பு. அது ரமலான் மாதம்.)

பக்ருதீன் பலகாரப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “எப்ப வேணா சொல்லுங்கண்ணி, கூட்டியாந்து வுடறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீலப் பூ தட்டில் ஆப்பம் வந்தது. கோழிக்கறி வந்தது. ஹில்டா வளர்த்த இரண்டு கோழிகளில் கறுப்புக் கோழி அது. தெஸ்பாயே கறிக் கிண்ணத்தைப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்து, மெதுவாகத் தள்ளி வைத்தார். கேக்கையும் தள்ளி வைத்தார். வெறும் ஆப்பத்தைப் பிய்த்து வெங்காயத்தோடு தின்றார்.

“இன்னாபா இது, கறிய எட்துக்க மாட்டேன்றாரு?”

“கூச்சமா இருக்கும். இரு, நான் சொல்றேன்.” சவரிநாதனுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் விஞ்சு ஓட்டக் கற்றது. “தம்பி! நோ ஸ்டாப்! லோயர், லோயர்!” என்று வாயைக் காட்டினார்.

தெஸ்பாயே சிரித்துவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதுவரை நாற்பது நாளுக்கு மேல் நோன்பு. இறைச்சி கிடையாது, முட்டை, பால் கிடையாது. அன்றைக்குத்தான் கோழி. சிவப்பாக, மிளகாய் போட்டு, முழு முட்டையோடு. புளித்த மாவில் ஓட்டை ஓட்டையாக ஒரு ரொட்டியோடு. ஆப்பத்தைத் தொட்டு, “இதே போல,” என்றார். “எங்கள் அம்மா செய்வது இதே போல.”

“எஸ், எஸ்,” என்றார் சவரிநாதன்.

புரியவில்லை என்று தெரிந்து தெஸ்பாயே சுற்றிலும் பார்த்தார். ராசையா அரிசிக் கடையில் கொடுத்த புது வருஷக் காலண்டர் சுருட்டியபடி மூலையில் கிடந்தது. அதைப் பிரித்து, ஜனவரி ஏழின் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

“ஓ, காலண்டர் வோணுமா? எட்துகினு போ தம்பி! ஹில்டா, கயிறு கொண்டா, கட்டிக் குட்த்துடலாம்.”

விருந்தாளி ஏழின் மேலிருந்து விரலை எடுத்தார். பிறகு காலண்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினார்.

4

இப்போது ரோஸ்மேரி எங்கே இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

“கதவுக்குப் பின்னாலிருந்து ரோஸ்மேரி வெளியே வந்தாள். ‘அம்மா, அவருக்கு இன்றைக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. நோன்பு,’ என்று கணீரென்று சொன்னாள். ஹில்டா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும்

பொய். பக்கம் முழுவதும் அடித்துவிட்டேன்.

ரோஸ்மேரி கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் முக்கால்வாசி புரிந்தது. வெளியே வரவில்லை. அவளுக்கு நான் எவ்வளவு பெரிய பெயர் வைத்தாலும் வரமாட்டாள்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். வாசி என்றால் எழுந்து நிற்பேன். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும், தொண்டையில் ஒன்றும் வராது. டீச்சர் நிற்க வைத்தார். ஒரு மாதம் நின்றேன். ஒரு நாள் புத்தகப் பையோடு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன், மறுநாளும் அப்படியே. அம்மா ஏன் என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்லவில்லை. அம்மா என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையில் பேன் பார்த்தாள்.

ரோஸ்மேரி என்று யாரும் இல்லை. நான்தான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

5

இன்று நான்காம் தேதி. (இந்தப் பக்கத்திலிருந்து எழுத்தைப் பெரிதாக, சேர்க்காமல் பிரித்து எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.)

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் பக்ருதீன் வந்து தெஸ்பாயேவைத் திரும்பக் கூட்டிப்போனார். அதன் பிறகு அம்மா அந்தக் கறியை வாயில் வைக்கவில்லை. அப்பா மட்டும் சாப்பிட்டார்.

“நம்ம கையால துண்ண அருவருப்பா இருந்திருக்கும்பா.”

“சும்மா இரு ஹில்டா. ஆப்பம் துண்ணாரு இல்ல?”

“வெறும் ஆப்பம்! குடிலுக்கு முன்னால மண்டி போட்ட புள்ள, என் சோத்துக்கு முன்னால மூஞ்சியத் திருப்பிக்கினான். வூடு கலீஜா கீது, அதான்.”

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு எல்சி அக்கா விடவில்லை.

“இன்னா ஹில்டாக்கா, ஒங்க வூட்டு ஃபாரின் விருந்தாளி காலண்டரத் துண்ணுட்டுப் பூட்டாராமே?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எல்சி அக்கா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நீ கோச்சுக்காத. கருவாட்டு நாத்தம் நமக்குப் பழகிப் பூட்ச்சி. புதுசா வர்ற மூக்கு இன்னா பண்ணும்?”

அம்மா குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, உள்சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்பு அடித்தாள். கருவாட்டுக் கூடையை வாசலுக்கு வெளியே வைத்தாள். மூன்று ராத்திரி பூனைகளுக்குத் திருவிழா. உபதேசியாரிடம் போய், “இனிமே எங்க வூட்டுக்கு யாரையும் எழுதாதீங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து நாளாக அந்த வார்த்தை என் வாய்க்குள் இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போதும் இருக்கிறது.

6

முடிவுகள். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் எத்தியோப்பியாவைப் பற்றிப் பேசுகிறார். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. (சாமியார் ஏன் திடீரென்று எத்தியோப்பியாவைப் பற்றிப் பேசுவார்? எனக்கு வசதியாக இருக்கும் என்றா?)

இரண்டாம் முடிவு: தெஸ்பாயே கடிதம் எழுதுகிறார். தபால்காரர் வாசித்துக் காட்டுகிறார். (அவருக்கு எங்கள் விலாசம் தெரியாது. உபதேசியார் எழுதிக் கொடுத்த அவருடைய விலாசம்தான் எங்களிடம் இருக்கிறது.)

மூன்றாம் முடிவு: ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் தேதி விடிகிறது. கிண்டியில் ஒரு விடுதி அறையில் எங்கள் காலண்டர் தொங்குகிறது. அவர் ஏழைப் பார்க்கிறார். விடுமுறை முடிந்து திறந்த மெஸ்ஸில் கொடுக்கிற உப்புமாவை வாங்கிக்கொண்டு அறைக்கு வருகிறார். அவர் ஊரில் அவருடைய அம்மா மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இங்கே என் அம்மா மூன்றாம் தடவையாகச் சுண்ணாம்பைக் குழைத்துக்

இந்த முடிவுதான் தானாகவே நடக்கப்போவது. நான் எதுவும் செய்யாவிட்டால் இதுதான். அதனால் இதை நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

7

ஆறாம் தேதி, காலை. மணி அடித்துவிட்டது. அம்மா பூசைக்குப் போயிருக்கிறாள்.

நோட்டை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க வேண்டிய நேரம். எடுத்தேன். மறுபடியும் வைக்கோலுக்குள்ளேயே வைக்கப்போகிறேன்.

இவ்வளவு நேரம் “நீங்கள்” என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த யாரோ இனி வேண்டாம். இதைப் படிக்கப்போகிறவள் ஒருத்திதான்.

அம்மா, இது நான். சாயங்காலம் வைக்கோலை உதறும்போது இது உன் காலில் விழும். நீ ஜெபப் புத்தகத்தை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பாய். அதனால்தான் எழுத்தைப் பெரிதாக எழுதினேன். முன்பக்கங்களில் எழுத்து பொடியாக இருக்கிறது, விட்டுவிடு. ஐந்திலிருந்து படித்தால் போதும். அதற்கு முன்னால் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அவருக்கு நாளைக்குத்தான் கிறிஸ்துமஸ். நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவருக்கு நோன்பு, பக்ருதீன் மாமா மாதிரி. உன் ஆப்பம் அவருடைய அம்மா செய்கிற ரொட்டி மாதிரியே இருக்கிறது என்று சொன்னார். நம் வீடு கலீஜ் இல்லை. நீயும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைத் தாளில் எழுதாமல் விட்டவள் நான். தெரிந்தும் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். இரண்டுக்கும் என்னை மன்னித்துக்கொள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பக்ருதீன் மாமாவின் லாரி சும்மாதான் நிற்கும். விடுதி விலாசம் பின்னட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறது. அரிசி ஊறப்போட்டுவிட்டேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்பேன், அதனால் மூடி வைத்திருக்கிறேன். மாவை நீதான் ஆட்டிப் புளிக்க வைக்க வேண்டும். செவலைக் கோழியை அடிக்கச் சொல்லவில்லை. அது இட்ட முட்டை நான்கு இருக்கிறது. அவர் சொன்ன குழம்பில் முழு முட்டையும் உண்டு. கோழி வேண்டுமா வேண்டாமா என்பது உன் முடிவு.

கதையும் உன் முடிவுதான். நான் இதுவரை எழுதிவிட்டேன்:

“மூன்று ராஜாக்களையும் துணியில் சுற்றிவிட்டு ஹில்டா வைக்கோலைத் தூக்கினாள். ஒரு நோட்டு விழுந்தது. நடுவில் ஒரு பென்சில். அவள் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து, படித்து முடித்தாள். பிறகு

மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீ எழுத வேண்டியதில்லை, அம்மா. உள்ளே கதவுக்குப் பின்னால்தான் இருப்பேன். “ஞானம்” என்று ஒரு தடவை கூப்பிடு. இந்தத் தடவை பதில் சொல்வேன்.