இரண்டாம் சாட்சி

"பென்சில்ல புள்ளி வெச்ச எடத்துல போடுங்கக்கா. அப்புறம் பதிவாபீசுல தலையக் காட்டுனாப் போதும்."

ஆரோக்கியதாஸ் பத்திரத்தை மரப்பெட்டியின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் அழுத்திப் பிடித்திருந்தான். பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புடவை.

கிளியூரில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டை லாட்ஜ் கட்டுவதற்காகச் சேலத்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அப்பா உயில் எழுதாமல் போனதால் வீடு அக்கா, தம்பி இருவருக்கும் பொது. அக்கா தன் பாதியை விட்டுக்கொடுத்தால்தான் விற்க முடியும். கட்டிக்கொடுத்த பெண்கள் ஒரு புடவையை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது மலையில் வழக்கம். அதற்குச் சீர் என்று பெயர்.

அற்புதம் பேனாவைத் திறந்தாள். மறுக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. கரடியூரில் இந்த வீடும் ஒன்றரை ஏக்கர் காப்பியும் இருக்கின்றனவே. அவளும் கணவன் சூசைமாணிக்கமும் எஸ்டேட்டில் பழம் பறித்துச் சேர்த்து, மகள் செல்வமேரி பிறந்த வாரம் வாங்கியது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவன் மட்டும் போய்த் தன் பேரில் பதிந்துகொண்டு வந்தான். "உம் பேரா இருந்தா என்ன, எம் பேரா இருந்தா என்ன?" என்று சிரித்தான். அவன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. தனக்குப் பின் எல்லாம் மகளுக்குத்தான் என்று அவள் நம்பியிருந்தாள்.

"ஏந்தம்பி, போன வாரம் எங்கொழுந்தன் ஜேசுதாசு வந்து தோட்டத்து மரத்தையெல்லாம் எண்ணிட்டுப் போறான். நீ வந்து ஒரு வார்த்த கேளேன். ஒன்ன உட்டா எனக்கு யாரு?"

"கேக்கறனுங்க. மொதல்ல இது முடியட்டும்."

"நானே கேட்டுட்டு வந்துட்டனுங்க மாமா." அடுப்படியிலிருந்து செல்வமேரி வந்தாள். முந்தின நாள் பதிவு அலுவலகத்தில் வாங்கிய சூசைமாணிக்கத்தின் உயில் நகலை, அம்மாவிடம் சொல்ல வாய் வராமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அதில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுப் படித்தாள்.

"மேற்படி சொத்தை என் மனைவி அற்புதம் தன் ஆயுள் வரை மட்டும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. விற்கவோ அடமானம் வைக்கவோ அவளுக்கு உரிமையில்லை. அவள் காலத்துக்குப் பிறகு என் தம்பி ஜேசுதாஸின் மகனைச் சேர வேண்டியது."

"உம் பேரு எங்க கண்ணு?"

"எங்கியும் இல்லீங்கம்மா. கடைசிப் பக்கத்தப் பாருங்க."

எண்பத்திரண்டாம் வருடத்துத் தேதி. அதன் கீழே இரண்டாம் சாட்சி: கி. ஆரோக்கியதாஸ். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும் என்றுதான் அற்புதம் ஐந்தாவதோடு பள்ளியை விட்டுக் காப்பிக்கூடை தூக்கினாள். இந்த நான்கு வருடமும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் இங்கே வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறான்.

"தெரிஞ்சேவாடா போட்ட?"

"மச்சான் கூப்புட்டாரு, போனனுங்க." அவன் பார்வை புடவைப் பொட்டலத்தில் இருந்தது. "பொட்டப்புள்ளைக்கு எழுதுனா, கட்டிக்கிட்டுப் போறவன் கைக்குப் போயிரும்னாரு. ஞாயந்தானுங்களே? உசுரு இருக்கற மட்டும் உங்கள யாரும் கெளப்ப முடியாது. நொம்ப நல்ல ஏற்பாடுங்கக்கா."

கூரையில் மழை சடசடவென்று விழத் தொடங்கியது. அற்புதம் பேனாவை மூடினாள்.

"சரி, கிளியூர் ஊட்டுல எம் பாதி எனக்கு வேண்டாம்."

அவன் முகம் தெளிந்தது.

"செல்வமேரிக்கு எழுதிப் போடறேன்."

"ஏனுங்க, வெளையாடறீங்களா? சேலத்துக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பாதி ஊடு போதுமான்னு கேளு."

"கூடப் பொறந்தவனுக்கே இப்பிடிச் செய்வீங்களா?" அவன் குரல் உடைந்தது. உண்மையாகவே அவனுக்குக் கண் கலங்கியது.

அற்புதம் பத்திரத்தை மடித்துப் புடவையின் மேல் வைத்து, இரண்டையும் அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நாளைக்கே பதிவாபீசுக்குப் போலாம் கண்ணு. சாட்சிக்கு மட்டும் சொந்தக்காரன் யாரும் வேண்டாம்."