கால் ஊன்றிய இடம்

அசும்தாவின் கடையில் உருப்படியான நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அடுப்புக்குப் பக்கத்தில், கைப்பிடி வைத்தது. வருடம் முழுக்க அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பிப்ரவரியின் கடைசி ஞாயிறு மட்டும், சாந்தா அகதா மலையை உச்சிக் கோயில் வரை கால் தரையில் படாமல் சைக்கிளிலேயே ஏறி முடித்தவருக்குத்தான் அது. ஊன்றியவர்கள் நின்றபடியே குடிக்க வேண்டும், நின்றபடியே தின்ன வேண்டும். புதிதாக ஒருவர் ஊன்றாமல் வந்துவிட்டால் பழையவர் எழுந்து இடம் விட வேண்டும். இது சைக்கிள் கிளப்பின் சட்டம். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரும் இதுவரை மீறியதில்லை.

பல வருடங்களாக அந்த நாற்காலியில் உட்காருகிறவர் நர்சீஸ். வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர், கிளப்பின் தலைவர், ஐம்பது தாண்டியும் கெண்டைக்கால் கருங்கல் மாதிரி இருப்பவர். நாற்காலி யாருக்கோ அவருக்குத்தான் வசந்தகாலச் சவாரியில் முன்னால் போகும் உரிமை. ஜிரோனா நகரத்திலிருந்தும் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் இருநூறு பேர் வருவார்கள். கடலோரச் சரளையில் தொடங்கி, தக்கை மரக் காட்டுக்குள் ஏறி, திராட்சைத் தோட்டங்கள் வழியே இறங்கும் அந்தச் சவாரியில் எந்தத் தடத்தில் திரும்புவது, எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது, எங்கே நிற்பது எல்லாம் முன்னால் போகிறவர் முடிவு. மற்றவர்கள் அவருடைய டயர் போன வழியில் வருவார்கள்.

கிளப்பில் இருக்கும் பெண் கெரால்டுக்கு அந்த இடம் வேண்டும். வெளிப்படையாகவே வேண்டும். பெண்கள் இதையெல்லாம் ஆசைப்பட்டாலும் வெளியே சொல்லாமல் இருப்பது அழகு என்று ஊரில் நினைப்பார்கள். அவளுக்கு அந்த அழகு இல்லை.

சவாரியில் கடைசியாகப் போகிறவருக்குத் துடைப்பம் என்று பெயர். பஞ்சரானவன், சங்கிலி அறுந்தவன், மூச்சு முட்டி மர நிழலில் சாய்ந்தவன், எல்லோரையும் கூட்டி அள்ளிக்கொண்டு வருகிற வேலை. கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து துடைப்பம் அவள்தான். ஏன் என்று கேட்டால், உனக்குத்தான் பொறுமை அதிகம் என்பார்கள். பொறுமை என்ற ஒன்று அவளிடம் எந்த நாளும் இருந்ததில்லை. அம்மா நெத்திலிக்கு உப்புப் போடும் ஆலையில் நிற்கிறாள். அப்பா கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். அந்த வீட்டுக்குள் வந்த முதல் பட்டம் அவளுடையது, நிலவியல். அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, வெளியூர்க்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் டயர் மாட்டிக்கொண்டிருக்கிறாள். ரிப்பேர் பார்க்கிற பையன் இல்லையா என்று அவளிடமே கேட்கிறவர்களுக்கு டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து அனுப்புவாள். சரளையில் இறங்கியதும் பல் எல்லாம் ஆடும்.

போன வருடம் மலையின் கடைசி ஏற்றத்தில் அவள் ஒருமுறை கால் ஊன்றிவிட்டாள். அந்த ஏற்றத்தைச் சுவர் என்றே சொல்வார்கள். கடையில் அதைச் சொன்னபோது நர்சீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "அந்தச் சுவரு பொம்பளைங்க தொடைக்கு ஏறாதும்மா. பின்னாடி வர்றதும் ஒரு தெறமைதான்."

அவள் குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து, கிடைத்த மலையெல்லாம் ஏறினாள்.

அந்த ஞாயிறு வந்தது. ஒருவர் போய் மறைந்த பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும் என்பதால் யாரும் யாரையும் பார்க்க முடியாது. ஊன்றினேனா இல்லையா என்று கடைக்குத் திரும்பி அவரவர் வாயால் சொல்வதுதான் சாட்சி. முதலில் தலைவர் போனார். கடைசியில் துடைப்பம்.

நாள் கணக்காகக் கதவுகளை உலுக்கிக்கொண்டிருந்த வடகாற்று முந்தின நாள் மாலை சட்டென்று நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு விழுந்த தூறல் புழுதியை அமுக்கிவிட்டிருந்தது. ஈரச் சரளையில் டயர் போகும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும், அப்பளம் நொறுக்குவது போல. வலப்பக்கம் கடல் இன்னும் தூக்கம் கலையாமல் கிடந்தது. முன்னால் போனவர்களின் தடங்கள் பாதையில் தெளிவாகப் பதிந்திருந்தன. நர்சீஸின் தடத்தை அவளால் எங்கேயும் அடையாளம் காண முடியும். அம்பு முனை போட்ட புது டயர். வெள்ளிக்கிழமை மாட்டியவளே அவள்தான்.

கடலை விட்டு உள்ளே திரும்பி ஏற ஆரம்பித்ததும் தடங்கள் கதை சொல்லத் தொடங்கின. கிளப்பைச் சேர்ந்த கிம் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளியிருந்தான். கொஞ்ச தூரம் ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி தள்ளி. ஒரே ஒரு தடவைதான் கால் பட்டது என்று கடையில் சொல்லப்போகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வீணாயிற்று. அதற்கும் கிம்மையே திட்டிக்கொண்டாள்.

சுவர் வந்தது. ஏடு ஏடாக உரிந்து கிடக்கும் கல். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று வழுக்கும். பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைக் கைப்பிடியின் மேல் கவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் அவள் ஓர் ஆளை வைத்திருந்தாள். இது 'பையன் இல்லையா' என்று கேட்டவனுக்கு. இது பட்டம் வாங்கி என்ன கிழித்தாய் என்ற மாமாவுக்கு. இது தொடைக்கு. இது மறுபடியும் தொடைக்கு. ஒரு கல் உருண்டு முன்சக்கரம் கோணியது. விழப்போகிறோம் என்று தெரிந்த நொடியில் இடுப்பு தானாகவே மறுபக்கம் சாய்ந்து சைக்கிளை நிமிர்த்தியது. இன்னும் நாலு மிதி. இன்னும் ரெண்டு. கோபப்படுவதற்கு ஆட்கள் தீர்ந்துபோனார்கள். பாதை சமமாயிற்று.

ஏறிவிட்டாள். கால் படவில்லை. இனி ஒரு வளைவு, அதைத் தாண்டிக் கோயில் வாசல் வரை சின்னப் பிள்ளை மூன்று சக்கர வண்டியில் போகக்கூடிய சமதரை. நாற்காலியின் கைப்பிடி உள்ளங்கையில் வந்துவிட்டது போலிருந்தது. வளைவில் திரும்பினாள்.

எத்தனையோ தடவை வந்த இடம்தான். மூடுபனியில் வந்திருக்கிறாள், காற்று சைக்கிளோடு தூக்கிப் போடப் பார்த்த நாளில் தலையைக் குனிந்துகொண்டே கடந்திருக்கிறாள். இப்படி ஒரு நாளில் வந்ததில்லை. காற்று கழுவிவிட்டுப் போன வெளியில் தூரம் என்பதே இல்லை. மேற்கே கனிகோ மலை பனியோடு நின்றது. நின்றது என்பது தப்பு. அதன் அடிவாரம் வெளிர்நீல ஆவிக்குள் கரைந்துபோயிருக்க, வெள்ளை மட்டும் எதையும் பிடித்துக்கொள்ளாமல் ஆகாயத்தில் தொங்கியது. அங்கிருந்து தொடங்கி மலை மலையாக, ஒன்றின் முதுகை ஒன்று உரசிக்கொண்டு, மாட்டு மந்தை தண்ணீருக்கு இறங்குவதுபோல மலைத்தொடர் முழுவதும் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. அவளைத் தாண்டி, அவள் நின்ற பாறையையும் சேர்த்துக்கொண்டு, அப்படியே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு தலை முங்குகிறது, ஒரு முதுகு இன்னும் வெளியே தெரிகிறது. கடைசிப் பாறைகளைச் சுற்றி ஒரு துளி நுரை.

இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் அவள். சேறு கல்லாகி, கல் மடிந்து, மடிந்தது எழுந்து மலையான கதையைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறாள். எத்தனை கோடி வருடம் என்று எழுதியபோது அது ஓர் எண்ணாக இருந்தது. இப்போதுதான் அது நகர்ந்தது. அவளுடைய டயருக்கு அடியில் நொறுங்கிய ஏடும், அங்கே பனிக்கு அடியில் இருந்த பாறையும் ஒரே உடம்பு. அந்த உடம்பு கடலில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அதன் முதுகுச் சுருக்கத்தில் ஓர் எறும்பைப்போல் அவள் இருந்தாள்.

சத்தம் என்று ஒன்றுமில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து அலை மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

பிரேக்கை எப்போது பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. காலை அவள் ஊன்றவில்லை. கால் போய் நின்றது. பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் அவளுடைய இடது காலணி அழுந்தப் பதிந்திருந்தது. "போச்சு," என்று சொல்லிக்கொண்டாள். ஆச்சரியம், கோபமே வரவில்லை. மறு காலையும் ஊன்றினாள். சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு வேண்டுமட்டும் பார்த்தாள்.

கிளம்பும்போதுதான் அது கண்ணில் பட்டது. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அம்பு முனைத் தடம் ஒன்று பாதையை விட்டு விளிம்புவரை போயிருந்தது. அது முடிந்த இடத்தில் இரண்டு கால்களின் தடம், குதிகால் நன்றாகப் புதைந்து. பக்கத்தில் ஆரஞ்சுத் தோல், இன்னும் வாடாமல், ஒரே சுருளாக உரித்தது. கிளப்பில் சட்டைப் பை நிறைய ஆரஞ்சு வைத்துக்கொண்டு திரிகிற ஆள் ஒருவர்தான்.

ஒரு முழுப் பழத்தையும் சுளை சுளையாகத் தின்னும் நேரம் அந்த மனிதர் இங்கே நின்றிருக்கிறார். அடங்கியிருந்த கோபம் இப்போது வந்தது. தோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மேசைமேல் வீசப்போகிறாள், எல்லோர் முன்னாலும். இறங்கும் வழி நெடுக அதற்கான வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வந்தாள். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் எதிரே வந்து நின்று வார்த்தைகளைக் கலைத்தது.

கடையில் எல்லோரும் நின்றுகொண்டு தக்காளி தேய்த்த ரொட்டியில் நெத்திலியை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மூக்கு நீண்ட கண்ணாடிக் குடுவை கைமாறிக்கொண்டிருந்தது, ஆளாளுக்கு அண்ணாந்து திராட்சை மதுவை வாயில் ஊற்றிக்கொண்டார்கள். கிம் ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லி முடித்திருந்தான். நர்சீஸ் நாற்காலியில் இருந்தார்.

"துடைப்பம் வந்தாச்சு. இனி கடையைச் சாத்திடலாம்," என்றான் கிம்.

நர்சீஸ் கேட்டார்: "என்னம்மா, எங்க ஊனின?"

ஊனல என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் எழுந்துதான் ஆக வேண்டும்.

"சுவரை ஏறிட்டேன். ஒரு தடவகூட கால் படல," என்றாள். நர்சீஸின் கை நாற்காலிக் கைப்பிடியை அழுத்தியது, எழுந்திருக்க.

"உக்காருங்க. அப்புறம் ஊனிட்டேன். மேல, அந்த வளைவுல."

கிம் வாயில் இருந்ததைத் துப்பாமல் சிரிக்கப் பாடுபட்டான். "சமதரையிலயா விழுந்த?"

"விழல. நின்னேன். பாக்கறதுக்கு."

அசும்தா ரொட்டித் தட்டோடு வந்து நின்றாள். யார்தான் பார்த்தார்கள், சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டாள்.

"விட்டிருக்கலாம். ஆனா ஊனலன்னு சொன்னா, அதைப் பாக்கவே இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அது என்னால முடியாது."

நர்சீஸை அவள் பார்க்கவில்லை. பைக்குள் விரல்கள் தோலைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீச வேண்டும் என்று கை சொன்னது. அந்தக் குதிகால் தடங்களின் ஆழம் வேறு ஏதோ சொன்னது. தன்னுடையதும் அதே ஆழம்தான். கை பைக்குள்ளேயே இருந்தது.

அசும்தாதான் திரும்பினாள். "ஏன் தலைவரே, இத்தன வருசமா அந்த வழியாத்தானே போற. நீ ஒரு தடவகூட பாத்ததில்லயா?"

நர்சீஸ் அடுப்பைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் முடிந்தது. எல்லோரும் குடுவைக்குத் திரும்பிவிடுவார்கள்.

"கனிகோ மேல பனி இடுப்பு வரைக்கும் இறங்கியிருக்கு," என்றார். குரல் யாருக்கும் சொல்வது போலில்லை. "இந்த வருசம் ஜாஸ்தி. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. சும்மா தொங்குது. அங்கேருந்து மலை எல்லாம் வரிசையா கெளம்பி வருது பாரு..." கை நீண்டது. உட்கார்ந்தபடி அந்த இறக்கத்தைக் காட்ட முடியவில்லை. எழுந்தார். எழுந்து நின்று, கூரையிலிருந்து மேசைவரை கையை இறக்கிக் காட்டினார். "இப்படியே வந்து, தண்ணிக்குள்ள போயிடுது. நிக்கவே மாட்டேங்குது."

அப்போதுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது. மறுபடி உட்காரவில்லை.

"மொத வருசமே ஊனிட்டேன்," என்றார். "இங்க வந்து சொல்ல வாய் வரல. சிமெண்ட் கொழைக்கிறவன் மலையப் பாத்து நின்னுட்டேன்னு சொன்னா சிரிக்க மாட்டீங்களா? அப்புறம் வருசா வருசம் அதே பொய்யி."

யாரும் சிரிக்கவில்லை. கிம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே தடவை என்பதைப் பற்றி அவனுக்கும் ஏதோ யோசனை வந்திருக்க வேண்டும்.

"வசந்தச் சவாரியில முன்னால நான் போறேன்," என்றாள் கெரால்ட். "கேக்கல, சொல்றேன். அந்த வளைவுல இருநூறு பேரும் சைக்கிள விட்டு எறங்கணும். ஒருத்தரும் பேசக்கூடாது."

அப்படியானால் துடைப்பம் யார் என்று கிம் மெல்லக் கேட்டான். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் வர்றேன்," என்றார் நர்சீஸ். "கடைசியா வந்தா அங்க ரொம்ப நேரம் நிக்கலாம்ல."

கெரால்டுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது: இத்தனை வருடம் கடைசியாகப் போயும் அவள் அங்கே நின்றதில்லை. பைக்குள் தோலை நசுக்கினாள். விரலெல்லாம் வாசனை.

நாற்காலி காலியாக இருந்தது. அதை யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். அசும்தா ரொட்டித் தட்டைக் கிம்மின் கையில் திணித்துவிட்டுப் போய் அதில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அடுப்புப் பக்கமாக நீட்டிக்கொண்டாள்.

"வருசம் பூரா நிக்கிறவ நான்," என்றாள். "குடுவைய இப்படிக் கொண்டாங்கடா."