பச்சை இருவருக்கும்

பச்சை விழுந்ததும் காரைப் பாதி திருப்பியவள், வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால் சட்டென்று நிறுத்தினாள். பின்சீட்டில் முதலாளியின் கைபேசி நழுவிக் கீழே விழுந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஆள் கிராஸ் பண்றாங்க சார்."

வயதான தம்பதி. கிழவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தது, அதுவும் கார் நிற்கும் பக்கத்துக் கண்ணில். அந்தப் பக்கம் உலகமே இல்லாததுபோல் நடந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த மனைவி, காரை ஒரு பார்வை, கணவரை ஒரு பார்வை என்று தவித்தாள்.

"பச்சை நமக்குத்தானே? திருப்பு."

"அவங்களுக்கும் பச்சைதான் சார். திரும்புற வண்டிதான் நிக்கணும்."

"லைசென்ஸ் பரிட்சை முடிஞ்சு போச்சும்மா. இன்னும் ஒப்பிச்சிட்டிருக்கே."

அவளுக்குச் சுருக்கென்றது. இது அவளை வேலைக்கு எடுக்குமுன் ஓட்டவிட்டுப் பார்க்கும் வாரம். இன்று அவர் தலையாட்டினால் வேலை நிலைக்கும். சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போன அம்மா வீட்டில் உட்காரலாம். "வாயைப் பொத்திக்கிட்டு ஓட்டுடி" என்றுதான் காலையில் அனுப்பிவைத்தாள். மகளும் பொத்திக்கொண்டுதான் வந்தாள். ஆனால் போன மாதம்வரை இதே கோடுகளில் நடந்து போனவளும் அவள்தான். நடக்கச் சொல்லி விளக்கு எரியும்போதே முட்டியை உரசிக்கொண்டு கார்கள் திரும்பும். உள்ளே இருப்பவர்கள் முகத்தில், வழியில் கிடக்கும் கல்லைப் பார்க்கும் எரிச்சல். சட்டத்தைப் பரீட்சையில் எழுதிவிட்டு, செருப்புத் தூசிபோல வாசலிலேயே உதறிவிட்டு வருகிற கூட்டம்.

பின்னால் ஒரு வேன் விடாமல் அலறியது. முதலாளியும் இருக்கைகளுக்கு நடுவே எக்கி ஹாரனை அமுக்கினார். கிழவர் திடுக்கிட்டு நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"கையை எடுங்க சார்."

"நாளையிலேருந்து நீ வராதே."

"வரலை. இன்னிக்கு ஸ்டியரிங் என்கிட்ட இருக்கு. அவர் பிளாட்பாரம் ஏறினப்புறம்தான் வண்டி நகரும்."

"நீயே வச்சு அழு. நான் நடந்து போய்க்கறேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். அவர் அலுவலகம் சாலைக்கு எதிரேதான். அதற்குள் மனைவி முதுகைத் தடவித் தடவிக் கிழவரை நடைபாதையில் ஏற்றியிருந்தாள். முதலாளி கோடுகளில் கால் வைத்தார். அந்நேரம் பார்த்து, பொறுமையிழந்த வேன்காரன் அவள் காரைச் சுற்றி வளைத்துத் திரும்பினான்.

டயர் கிறீச்சிட்டது. வேனின் முகப்புக்கும் அவர் முட்டிக்கும் ஒரு சாண் இருக்கலாம். முதலாளியின் உள்ளங்கை விரிந்தபடி அந்தரத்தில் நின்றது. கால் எழவில்லை. நடப்பவர்களுக்கான பச்சை விட்டுவிட்டு மினுங்கத் தொடங்கியது; பின்னால் இருந்த எல்லா வண்டிகளும் சேர்ந்து அலறின. அவள் பிரேக்கில் இன்னும் அழுத்தமாகக் காலை ஊன்றிக்கொண்டாள்.