பச்சையின் கட்டைவிரல்

செங்கல் அறுக்கிற அச்சுக்காரர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மிச்ச மண்ணில் பிசைந்து வைத்துவிட்டுப் போன ஆள், திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்து நின்றது. அந்த வாரம் செங்கல் சூளையில் மழை இல்லை, மண் நல்ல பதமாக இருந்தது, தண்ணீர் மோட்டார் இரண்டு முறை நின்றது. இவற்றோடு நாலாவதாக இதையும் மேஸ்திரி தன் நோட்டில் எழுதி வைத்தார். ஆளின் உயரம் அச்சுக்காரரைவிட ஒரு கல் கூடுதல். நிறம், காயாத மண்ணின் நிறம். சுடாத கல்லைப் பச்சைக்கல் என்பது சூளை வழக்கம், அதனால் அவனுக்குப் பச்சை என்று பேர் விழுந்தது. அன்றைக்கு ஆள் குறைவாகவும் இருந்ததால் யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. மண் சுமக்கிற கூடையை அவன் தலையில் ஏற்றினார்கள்.

நடந்தது இதுதான். கல் அறுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்ணை அச்சில் அடித்து, மேலே வழித்து, கவிழ்த்து எடுத்ததும், ஈரக் கல்லின் ஒரு மூலையில் வலது கட்டைவிரலை அழுத்துவார்கள். பிற்பாடு கல் வெடித்தாலோ கோணினாலோ ரேகையைப் பார்த்து அந்த ஆளிடமே கொண்டுவந்து போடுவார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வேறு கல் அறுத்துத் தர வேண்டும். மண் சரியில்லை, வெயில் சரியில்லை என்ற கதையெல்லாம் எடுபடாது. ரேகை யாருதோ கல் அவருது. அச்சுக்காரர் முப்பத்தோரு வருஷம் இந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் அவருக்கு இருந்த ஒரே கையெழுத்து அதுதான். அந்தச் சனிக்கிழமை முதுகு பிடித்துக்கொண்டதால், மிச்ச மண்ணைக் குழியில் தள்ள எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே பிசைந்துகொண்டிருந்தார். கால் வந்தது, கை வந்தது, காது கடைசியாக வந்தது. மூக்கில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை ஊதிவிட்டார். எழுந்து போகும்போது, கை சும்மா இருக்குமா, பழக்க தோஷத்தில் பிடரியில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டார். ஊதியது பெரிய காரியமில்லை, அந்த அழுத்துதான் மாட்டிவிட்டது என்று அவர் மனைவி பின்னாளில் சொல்வாள்.

மனைவி அவனை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இருவருக்கும் பிள்ளை இல்லை, பின்னறை காலியாகத்தான் கிடந்தது. "உள்ள வாடா" என்றாள். அப்புறம் புருஷனைப் பார்த்து, "வழக்கம்போல காலைக் கழுவிட்டு வான்னு சொல்லித் தொலைக்காதீங்க, முட்டி வரைக்கும் கரைஞ்சிடப் போகுது" என்றாள். மழை நாளில் அவன்மேல் போர்த்த ஒரு தார்ப்பாய் வாங்கினார்கள். அச்சுக்காரர் அவனைச் சூளை முழுக்க அழைத்துப் போய்க் காட்டினார். மண்மேடு, குழி, காய வைக்கிற களம், எதில் வேண்டுமானாலும் ஏறு, இறங்கு, எந்த அச்சை வேண்டுமானாலும் எடு, நெருப்பு மூட்டுகிற சூளைக்குள் மட்டும் போகாதே என்றார். சூளையோ களத்துக்கு நட்டநடுவில் இருந்தது. எங்கே போனாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பச்சை சுடாத மண் என்பதால் அவனைத் திருத்துவது சுலபமாக இருந்தது. வேலை நேரத்தில் உரக்கச் சிரித்தான் என்று ஒரு நாள் அச்சுக்காரர் கட்டைவிரலை வாளியில் நனைத்து அவன் நெற்றியில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மறுநாளிலிருந்து அவன் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டான், அதையும் தேய்த்தார். பொழுது சாயும்போது அன்றைய கல் வரிசையைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதே கையோடு அவன் நெற்றியையும் சரிபார்ப்பது அவர் வழக்கமாயிற்று. எல்லாம் பிரியத்தால்தான். ஆறு மாதத்தில் பச்சையைப் போல் சொன்ன பேச்சுக் கேட்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே இல்லை. மனைவி ஒரு நாள் வேண்டுமென்றே சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டு, எப்படி இருக்கு என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றான். அன்று அவள் பாத்திரம் கழுவிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

எழுத்து கற்றது ஐம்பதுக்கு மேல் என்பதால், அச்சுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகினார். கையில் கிடைத்தது கடவுள் உலகத்தைச் செய்த பழைய கதை. கடவுள் ஆறு நாளில் முடித்த வேலையைப் படித்து முடிக்க அவருக்கு ஒன்பது ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பாம்பு பேச ஆரம்பித்ததிலிருந்து தின்னாதே என்று கடவுள் சொன்ன பழத்தை அந்தப் பெண் பறிக்கிறவரைக்கும் ஐந்து ஞாயிறு. அந்த ஐந்து வாரமும் மனைவி, இந்த வாரமாவது அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நம்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளும் அவள் புருஷனும் தின்றார்கள், தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். மனைவி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"மரத்தை நட்டது யாரு?"

"கடவுள்தான்."

"பாம்பு?"

"அதையும் அவர்தான் செஞ்சாரு."

"கல்லு வெடிச்சா நீங்க யாரு தலையில போடுவீங்க?"

அச்சுக்காரர் புத்தகத்தில் படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "தின்னாதேன்னு சொன்னாரில்ல. சொல்லியும் கேக்கலியே" என்றார்.

"கேக்காம இருக்கிற மாதிரி காதை யாரு வெச்சது?"

அவர் பச்சை பக்கம் திரும்பி, நீ என்ன சொல்றே என்றார். நீங்க சொல்றதுதான் சரி என்றான் பச்சை. அப்ப நான் சொல்றது என்றாள் அவள். அதுவும் சரி என்றான். அவள் துடைப்பத்தை மறுபடி எடுத்தாள்.

"என்ன இருந்தாலும் அந்தக் கடவுள் அவங்க நெத்தியைத் தேய்க்கலைங்க" என்றாள். "வெளிய தள்ளினாரு, திட்டினாரு. தேய்க்கலை."

அதற்கு அடுத்த வாரம் வெடித்த கல் ஒன்று திரும்பி வந்தது. அறுத்தது பச்சை. ஆனால் பச்சையின் கட்டைவிரல் ஈரக் கல்லில் பதியாது. மண்ணும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் அவன் அறுத்த கல்லிலெல்லாம் அச்சுக்காரர்தான் தன் விரலை வைத்துவந்தார். அவரே உட்கார்ந்து வேறு கல் அறுத்துக் கொடுத்தார். பச்சை பக்கத்தில் நின்று பார்த்தான்.

"அது நான் அறுத்தது."

"ரேகை என்னுது."

"எனக்கும் ஒரு ரேகை வேணும்."

அச்சுக்காரர் கட்டைவிரலை வாளியில் நனைத்தார். நெற்றிக்குக் கொண்டு போனார். அங்கே, புருவத்துக்கு நடுவில், மண் லேசாகச் சுருங்கியிருந்தது, இதுவரை இல்லாத ஒரு மடிப்பு. பார்த்துக்கொண்டே நின்றார். விரலிலிருந்து தண்ணீர் சொட்டி முடிந்தது. கையைத் தன் துண்டிலேயே துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்த மடிப்பு எங்கே கொண்டு போய்விடும் என்று தெரிந்தேதான் விட்டார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம், சூளை மூட்டிய இரண்டாம் நாள், எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பச்சை ஒரு மண்வெட்டியால் சூளை வாயில் பூசியிருந்த பூச்சை உடைத்து, குனிந்து, உள்ளே போனான். அவசரமில்லாமல்தான் போனான். குளிர்காற்று உள்ளே ஏறியதும் பதினோரு குடும்பம் ஆறு வாரம் அறுத்து அடுக்கிய கல் வெடிக்க ஆரம்பித்தது. யாரோ விரல் சொடக்குகிற மாதிரி முதலில் ஒன்று, அப்புறம் ஊரே சொடக்குகிற மாதிரி. வாயை மறுபடி பூசி அடைக்கிறவரைக்கும் சொடக்கியது. உள்ளே ஆள் இருக்கான், இழுங்கடா என்று கத்தியவர்கள் வெக்கையில் பத்தடி தள்ளியே நின்றார்கள். அதற்கப்புறம் எரிய மூன்று நாள், ஆற ஐந்து நாள். எட்டு நாளும் அச்சுக்காரர் எதிரில் ஒரு மண்கட்டியில் உட்கார்ந்திருந்தார். மனைவி காலையில் கொண்டு வந்த சாப்பாட்டைச் சாயங்காலம் அப்படியே திருப்பி எடுத்துப் போனாள். ஒரு தடவைகூட அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் வாயைத் திறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கல் பாழ். நடுவில் பச்சை நின்றிருந்தான், நல்ல சிவப்பாக, எங்கும் கோணாமல். இடது காது நுனியில் ஒரு சின்னச் சில்லு மட்டும் பெயர்ந்திருந்தது. மேஸ்திரி, கல் வெந்ததா என்று பார்க்கிற பழக்கத்தில் அவன் தோளைச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது.

"சொன்னேனா இல்லையா?" என்றார் அச்சுக்காரர்.

"சொன்னீங்கண்ணே."

"கேட்டியா?"

"கேட்டேன். கேட்டுட்டுத்தான் போனேன்."

அச்சுக்காரர் விரலை நனைத்து அவன் நெற்றியில் வைத்தார். சூடு இன்னும் இருந்தது, தண்ணீர் சுர்ரென்று காய்ந்தது. நெற்றி அப்படியே இருந்தது, அந்த மடிப்பும்.

பதினோரு குடும்பமும் களத்தில் கூடியது. கோபம் நியாயமானதுதான், ஆறு வாரத்துப் பாடு அது. மேஸ்திரி நோட்டைத் திறந்து, இதில் பேச ஒன்றுமில்லை, தானாகத்தான் போனான், கேட்டைத் திறந்துவிடுகிறேன், அவன் வழியை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அப்போது கூட்டத்தில் ஒருத்தி, "பிடரியைப் பாருங்க" என்றாள். பார்த்தார்கள். அச்சுக்காரரின் கட்டைவிரல் அங்கே சுட்டு இறுகிக் கிடந்தது, ஒவ்வொரு கோடும் தெளிவாக. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் வாயில் பதில் தயாராக இருந்தது: சொன்னேன், கேட்கவில்லை. முழுக்க உண்மையான பதில். அதைச் சொன்னால் கேட் திறக்கும், பச்சை போய்விடுவான், அவர் நிம்மதியாகத் தன் அச்சோடு உட்காரலாம். அவர் கேட்டைப் பார்த்தார். அதற்கு அப்பால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, பச்சையின் காது மூளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேகை என்னுது" என்றார் அச்சுக்காரர். "நடுக்களத்துல சூளையை வெச்சுக்கிட்டு அதுகிட்ட போகாதேன்னு சொன்னதும் நான். அவ்வளவு கல்லையும் நான் அறுத்துத் தர்றேன்."

"வாயை உடைச்சது நான்" என்றான் பச்சை. "நான் அறுத்துத் தர்றேன்."

"நீ சும்மா இருடா."

"மாட்டேன்."

அவன் வாயிலிருந்து வந்த முதல் மாட்டேன் அது. அச்சுக்காரரின் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. மேஸ்திரி பேனாவை உதறினார். "ரெண்டு பேருல யாரு பொறுப்பு? ஒரு பேரைச் சொல்லுங்க, எழுதணும்."

"ரெண்டு பேரையும் எழுதுங்களேன், நோட்டுல இடமா இல்லை?" என்றாள் மனைவி. மேஸ்திரி நோட்டைப் பார்த்தார். இடம் இருந்தது. எழுதினார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. முணுமுணுப்பு அடங்க ஒரு வருஷம் ஆனது.

வேலை முடிந்த பிறகு பொழுது இறங்குகிற நேரத்தில் இருவரும் உட்கார்ந்து பதினான்கு மாதம் கல் அறுத்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் இரண்டு விரல். ஒன்று கோடு கோடாக. இன்னொன்று வழவழவென்று, நடுவில் ஒரே ஒரு கீறலோடு. நெருப்பில் பச்சையின் கட்டைவிரலில் விழுந்த வெடிப்பு அது, அதுவே அவன் ரேகை. இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் பழைய சுவரை இடித்தால் அந்தக் கல் வரும். அவன் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் அச்சுக்காரருக்கு ஆறவில்லை. "உருட்டி வெச்சவன் நான், அண்ணன் முறையா?" என்று மனைவியிடம் புலம்பினார். "அப்பான்னு கூப்பிடச் சொல்லி ஒரு தேய் தேய்ச்சிருக்கணும், அசந்துட்டீங்க" என்று அவள் சிரித்தாள். பச்சை அவள் சாப்பாட்டில் குறை சொல்ல ஆரம்பித்தான். அவள் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். வீடு சத்தமாயிற்று. பிற்பாடு ஒரு தடவை அவன் சொல்லிக்கொண்டு கிளம்பி எங்கோ போனான். போகாதே என்ற சொல் அச்சுக்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. தார்ப்பாய் இனித் தேவையில்லை என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான், ஒரு குதிகால் உடைந்திருந்தது. ஏன் வந்தே என்று அவர் கேட்கவில்லை. கலவை குழைத்து ஒட்டிக் கொடுத்தார்.

வருஷங்கள் போயின. அச்சுக்காரர் குறுகினார், பச்சை அப்படியே இருந்தான். இப்போது அவனைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. கை நடுங்குவதால் அச்சு அவன் கையில். ஆனாலும் பொழுது சாயும்போது கல் வரிசையைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் வாளியில் கட்டைவிரலை நனைக்கிறார். இரண்டாவது வரிசை கோணலாக இருக்கிறதே என்கிறான் பச்சை. உனக்குக் கண் கோணல் என்கிறார் அவர். வாக்குவாதம் கொஞ்சம் நடக்கிறது. பிறகு பச்சை குனிகிறான், அவர் கை எட்டுகிற உயரத்துக்கு. அவர் நெற்றியில் ஈரத்தை வைக்கிறார். ஒன்றும் மாறுவதில்லை, இருவருக்கும் அது தெரியும். அது காய்கிறவரைக்கும் அவன் குனிந்தபடியே நிற்கிறான், அதற்குள் மேஸ்திரி கேட்டைப் பூட்ட வந்துவிடுகிறார்.