அலுமினியத் தாள் ஒட்டிய ஜன்னல்

டோலரஸ் கடைசிப் பெட்டியையும் சமையலறை மேசைமேல் கவிழ்த்தாள். புகைப்படங்கள் சரிந்து விழுந்தன. மகள் செரில் கையில் கத்தரிக்கோலும் பசையுமாகக் காத்திருந்தாள். பெரிய வெள்ளை அட்டை நாற்காலியில் சாய்ந்து நின்றது. சாயங்காலம் தேவாலயத்தில் கணவர் நார்பர்ட்டைக் கடைசியாகப் பார்க்க ஊர் திரண்டு வரும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் படம் ஒட்டிய அட்டை இல்லாமல் அந்த ஊரில் யாரையும் வழியனுப்பியதில்லை. நடுவில் குடும்பத்தோடு இருக்கும் படம் வர வேண்டும். அந்த இடம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

"கல்யாணப் படம் இருக்கு. மில்லுல எடுத்த அடையாள அட்டைப் படம் கட்டுக்கட்டா இருக்கு. மீன் பிடிச்சுத் தூக்கிக் காட்டுறது ஒண்ணு இருக்கு. எங்களோட இருக்கிற அப்பா எங்கம்மா?"

"தேடுடி. இருக்கும்."

"இருந்தாத்தானே கிடைக்கும்."

அன்றைய செய்தித்தாள், பக்கத்து வீட்டு ஆர்லீன் கொண்டுவந்து வைத்த உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தின்மேல் மூடியாகக் கிடந்தது. இரங்கல் பக்கத்தில் நார்பர்ட் சிரித்துக்கொண்டிருந்தார். 'பாசமுள்ள கணவர், தகப்பனார், தாத்தா.' அந்த வரி டோலரஸ் சொல்லிப் போட்டது. செரில் செய்தித்தாளைக் காலையிலிருந்தே எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"இதைப் படிக்கிறவங்க, தினம் எங்களைத் தோள்ல போட்டுக் கதை சொல்லித் தூங்க வெச்சாருன்னுல்ல நினைப்பாங்க!"

"வாயை மூடு. இன்னும் மண்ணுக்குள்ளகூட வைக்கல."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? பள்ளிக்கூடம் முடிச்சுச் சான்றிதழ் வாங்க மேடையில நின்னப்ப வந்தாரா? என் கல்யாணத்துலகூடப் பாதி விருந்துல எழுந்து வேலைக்குப் போயிட்டாரு. படம் எடுக்கிறவன், 'பொண்ணோட அப்பா எங்க, அப்பா எங்க'ன்னு கத்திக்கிட்டே இருந்தான். மானம் போச்சு எனக்கு."

டோலரஸ் இன்னொரு கை படங்களை அள்ளிப் பிரித்தாள். காகித மில்லில் இயந்திரம் கிறிஸ்துமஸுக்கும் நிற்காது. நார்பர்ட் வாலிபத்தில் இரவு வேலைக்குப் போனவர், நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். பகலெல்லாம் தூக்கம். தோட்டத்தைப் பார்த்த படுக்கையறை ஜன்னலுக்கு, வெளிச்சம் வராதபடி அலுமினியத் தாளை அவளே ஒட்டினாள். பிள்ளைகள் நடக்கப் பழகியபோதே நுனிக்காலில் நடக்கப் பழகின. பிறந்தநாள் என்றால் கேக்கைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ராத்திரியில் கண் மூடவில்லை. தாள் அப்படியே இருந்தது.

பின்கதவு திறந்தது. மகன் கிரெய்க் உள்ளே வந்தான். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மகள் புரூக்கைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டை மாற்றியும் மில்லின் புளித்த வாடை போகவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. புரூக் பந்தோடு தோட்டத்திலேயே நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு ராத்திரியுமா போற?" டோலரஸ் கேட்டாள்.

"அடக்கத்துக்கு ஒரு நாள் லீவு. அது நாளைக்கு. மில்லு கை மாறினப்புறம் நாங்கெல்லாம் ஒப்பந்த ஆளுங்க. அவ்வளவுதான்."

"அப்பா பேரைச் சொன்னியா?"

"சொன்னேன். புது மேலாளரு, 'யாரு நார்பர்ட்?'னு கேட்டான்."

செரில் கத்தரிக்கோலை டொக்கென்று வைத்தாள். "நாசமாப் போவான்."

"அவன் இங்க வந்தே ஆறு மாசம்தான் ஆகுது, விடு. அம்மா, நான் அப்பா ரூம்ல கொஞ்சம் படுக்கிறேன். அங்கதான் இருட்டா இருக்கும். சர்ச்சுக்குப் போற நேரத்துக்கு எழுப்பு. கொஞ்ச நேரம் பெட்டிகிட்ட நின்னுட்டு வேலைக்குக் கிளம்புறேன்."

அவன் ஃபிரிட்ஜைத் திறந்து, யாரோ கொடுத்தனுப்பிய பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை நின்றபடியே தின்றான். செரில் தோட்டத்தில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். தொப்பி போட்ட பிள்ளைகள், கேக், ஊதுகிற வாய்கள், பின்னால் பளபளக்கும் ஜன்னல். "இதுல இல்ல. இதுலயும் இல்ல. இதுல..." கை நின்றது. தள்ளிய படங்களைத் திரும்ப எடுத்து வரிசையாக வைத்தாள்.

"அம்மா, தாள் ஏன் மூலையில மடங்கியிருக்கு?"

டோலரஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஜன்னலின் கீழ் மூலையில் தாள் விரலகலம் உள்ளே மடங்கி, ஒரு கறுப்பு முக்கோணம் தெரிந்தது. செரிலின் ஐந்தாம் பிறந்தநாளில் இருந்தது. கிரெய்க் சைக்கிள் ஓட்டப் பழகிய படத்தில் இருந்தது. பனியில் பொம்மை செய்த படத்திலும் இருந்தது.

"பசை நாடா சூட்டுல விட்டுப்போகுதுன்னு நினைச்சேன்" என்றாள் டோலரஸ். "எத்தனை தடவை திட்டியிருக்கேன், இந்தத் தாள் நிக்கவே மாட்டேங்குதேன்னு. மறுநாளே நாடாவை ரெண்டு மடிப்பா வெச்சு இறுக்கி ஒட்டுவேன். அந்த மனுஷன் வாயைத் திறக்கலையே. ஐயோ, நானே ஒட்டினேனே."

செரில் ஒரு படத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "உள்ள நின்னு பாத்தவரு வெளிய வந்திருக்கலாம்ல? ஒரு நிமிஷம்."

"வெளிய வந்தா உங்க கூச்சல்ல தூக்கம் போயிடும்" என்றான் கிரெய்க். "தூக்கக் கலக்கத்துல மில்லு மெஷின் உருளைகிட்ட நின்னா கை உள்ள போயிடும். வால்டர் மாமாவுக்குப் போச்சே." படத்திலிருந்த மூலையைக் கட்டைவிரலால் தொட்டான். "இவ்வளவு மடக்கினாலே போதும். தோட்டம் முழுக்கத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் செரில்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "மறக்காம எழுப்பும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

செரில் ஐந்தாம் பிறந்தநாள் படத்தை அட்டையின் நடுவில் வைத்து, பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நார்பர்ட் எங்கன்னு எல்லாரும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும். விரலை வெச்சுக் காட்டுறேன்."

இருவரும் அட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காரில் வைப்பதற்காகத் தோட்டத்து வழியே தூக்கிக்கொண்டு போனார்கள். புரூக் பந்தைச் சுவரில் ஓங்கி அடித்து, "பாட்டி, இங்க பாரு!" என்று கத்தினாள். டோலரஸின் விரல் தானாக உதட்டுக்குப் போனது.

"ஷ்ஷ்... மெதுவா, கண்ணு. அப்பா தூங்குறாரு."

"தெரியும்" என்று கிசுகிசுத்தாள் புரூக். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில் அவர்கள் பின்னால் நடந்தாள். பாதி வழியில் திரும்பி ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டினாள். கீழ் மூலையில் தாள் விரலகலம் மடங்கியிருந்தது.