அப்பாத்துரை அண்ணாச்சி ஏன் தோற்றார்

என்னைய வேணும்னே ஜெயிக்க விடுதானுவ. கடைக்குப் போக ஆரம்பிச்ச ஒரு வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

பாளையங்கோட்டையில சுடலையாண்டியோட விளையாட்டுச் சாமான் கடை. முன்னால கிரிக்கெட் மட்டை, இறகுப்பந்து எல்லாம் தொங்கும். பின்கட்டுல ஒரு கேரம் போர்டு. சாயங்காலம் ஆனா அங்கன ஒரு செட்டு கூடும். தொண்ணூத்தி நாலுல அம்பாசமுத்திரத்துல இருந்து ஆபீஸ் மாறுதல்ல நான் இங்க வந்தப்ப ஒரு ஆளைத் தெரியாது. போதாததுக்கு மாமியார் வேற வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரில கெடந்தா. ஆபீஸ் விட்டதும் அங்க போயி அவ ஏச்சை வாங்கிக்கிட்டு, வார்டுல வச்சா களவு போயிரும்னு அவ என் கையில திணிக்குத எக்ஸ்ரே படத்தையும் தூக்கிக்கிட்டு நேரா கடைக்கு வருவேன். படம் தொலைஞ்சா என்னைத் தொலைச்சிருவா. அந்த செட்டுல ஒருத்தனா சேரலேன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்.

அவனுவ தங்களுக்குள்ள ‘என்னவே’, ‘போவும்வே’ன்னு ஏசிக்கிட்டே ஆடுவானுவ. எனக்கு மட்டும் ‘வாங்க சார், ஃபேனுக்கு அடியில இருங்க சார்’. கேரம் பவுடர் நெடி எனக்கு ஆகாது, இருமுவேன். உடனே சுடலையாண்டி வெந்நி எடுத்துட்டு ஓடியாருவார். என் மூஞ்சிக்கு இவ்வளவு மரியாதை என் வீட்லயே கிடையாது. எதுக்கு இதெல்லாம்?

அங்க பெரிய கை அப்பாத்துரை அண்ணாச்சி. ரிட்டயர்டு வாத்தியார். அவரைத் தோக்கடிச்ச ஆளே இல்லேம்பாங்க. அந்த மனுசன் தினம் என்கிட்ட தோத்தார். குழி வாசல்ல நிக்குத காயைக்கூடத் தவற விட்டார். நான் தாலுகா ஆபீஸ் கிளார்க். பட்டா மாத்தணுமா? சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடணுமா? ஆட்டுக்குத் தழையைக் காட்டி இழுக்குத மாதிரி எங்கேயோ இழுக்குதானுவன்னு ராத்திரி தூக்கமே வரலை.

ஒரு நாள் சோதிச்சுப் பாத்தேன். வேணும்னே கோணலா அடிச்சேன். அண்ணாச்சி அதைவிடக் கோணலா அடிச்சார். எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறிட்டு. ஸ்ட்ரைக்கரைப் போர்டுல வீசினேன்.

“என்ன வேணும் உங்களுக்கு? வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்க!”

சுடலையாண்டிதான் பைய பெஞ்சுல கெடந்த எக்ஸ்ரே கவரைக் காட்டினார்.

“ஒண்ணும் வேண்டாம் சார். தினம் ஆஸ்பத்திரில இருந்து இந்தப் படத்தோட வாரிய. இந்த இருமு இருமுதிய. இருக்குத வரைக்கும் சந்தோசமா ஆடட்டுமேன்னுதான்...”

“அட கூறுகெட்டவங்களா! அது எங்க மாமியார் இடுப்புய்யா!”

படத்தை உருவி டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சேன். எல்லாரும் இடுப்பெலும்பைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சானுவ. அண்ணாச்சி மட்டும் சிரிக்கலை.

“நீங்க இருக்குத இடத்துலதான் ஜெபகனி இருப்பான்”னார். “என் சிநேகிதன். போன வருசம் ஒரு நாள், ஒரு காய்கூடப் போட விடாம அவனுக்கு முட்டை கொடுத்தேன். ‘போயி கோலி விளையாடும்வே’ன்னு ஏசினேன். சிரிச்சுக்கிட்டே போனான். நெஞ்சு வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை, பாவி. விடியக்காலம் ஆளு இல்லை. அதுக்கப்புறம் யாரையும் நான் அப்படி ஏசினது கிடையாது.”

என் சந்தேகத்தை நினைச்சு எனக்கே வெக்கமாப் போச்சு. குனிஞ்சு காயை அடுக்கினேன்.

“எனக்கு ஒரு சீக்கும் இல்லை அண்ணாச்சி. நெசமா ஆடுங்க. இல்லேன்னா நாளையில இருந்து வரமாட்டேன்.”

அவர் சட்டைக் கையை மடிச்சார். அம்மாடி, அது என்ன கை! நான் வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தேன், காயெல்லாம் குழிக்குள்ள போச்சு. எனக்கு முட்டை.

யாரும் சிரிக்கலை. சுடலையாண்டி வெந்நி தம்ளரோட அப்படியே நின்னார். அண்ணாச்சி ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினார்.

“போயி... போயி கோலி விளையாடும்வே.”

“போறேன். நாளைக்கு உயிரோட வந்து நிப்பேன், பாரும்”னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாம மொதல்ல கடைக்குத்தான் ஓடினேன். அண்ணாச்சி எனக்கு முன்னாலயே வந்து, கடை வாசல்ல நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தார்.